பழைய கண்ணாடி சொன்ன நம்பர்: லேசிக் பண்ண கண்ணுல கேட்டராக்ட் (புரை) லென்ஸ் தேர்ந்தெடுத்த ஒரு நிகழ்வு ஆய்வு

2024ல என்கிட்ட வந்த ஒரு டீச்சரோட கேஸ் இது. அவங்க சம்மதத்தோடதான் எழுதுறேன், ஆள் அடையாளம் தெரியக்கூடாதுன்னு ஒன்னு ரெண்டு விவரத்த மாத்தியிருக்கேன், கண்ணோட அளவுகள மட்டும் அப்படியே விட்டுட்டேன். வயசு 49, ஸ்கூல்ல கணக்கு எடுக்குறாங்க. வந்து உக்காந்ததுமே அவங்க சொன்னது இதுதான்: "டாக்டர், வலது கண்ணுல ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி புரைக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன், அன்னையிலேர்ந்து போர்டும் தெரியல பசங்க நோட்டும் தெரியல, இப்ப இடது கண்ணும் மங்குது, ஆனா இன்னொரு தடவ பண்ணிக்க பயமா இருக்கு."

வலது கண்ண செக் பண்ணேன். ஆபரேஷன் சுத்தமா பண்ணியிருந்தாங்க, லென்ஸ் நடுவுல அழகா உக்காந்திருக்கு, ரெட்டினா நல்லாருக்கு. கண்ணாடி இல்லாம 6/24, ப்ளஸ் 2.25 போட்டா 6/6, அதாவது முழுப் பார்வை. ஆக கண்ணுல கோளாறு இல்ல, உள்ள வெச்ச லென்ஸோட பவர் பத்தல, அவ்வளவுதான். மங்கலா இருக்குன்னு அவங்க திரும்பத் திரும்பப் போய் சொன்னதால 2023ல வேற ஒரு இடத்துல யாக் லேசர் வெச்சு லென்ஸ் உக்காந்திருக்க பையோட பின்பக்கத்த தொறந்து விட்டிருக்காங்க, அதுல பார்வையும் மாறல, இனிமே லென்ஸ மாத்தணும்னா அந்த வழியும் கஷ்டமாயிடுச்சு. இடது கண்ணுல நியூக்ளியர் கேட்டராக்ட், நம்பர் மைனஸ் 3.50, அதப் போட்டும் 6/18 தாண்டல. ஒரு பக்கம் ப்ளஸ் 2.25 இன்னொரு பக்கம் மைனஸ் 3.50, இந்த ரெண்டையும் ஒரே ஃப்ரேம்ல போட்டா தலை சுத்தும், யாராலயும் போட்டுக்கிட்டு நடக்க முடியாது, அதனால ரெண்டு வருஷமா கண்ணாடியே போடாமதான் க்ளாஸ் எடுத்திருக்காங்க.

முதல் ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த பயோமெட்ரி, அதாவது லென்ஸ் பவர் கணக்குக்காக கண்ண அளந்த ரிப்போர்ட், அவங்க ஃபைல்ல இருந்துச்சு. வலது கண்ணு நீளம் 26.55 மில்லிமீட்டர், கே ரீடிங், அதாவது கண்ணோட முன்னாடி இருக்க கார்னியாங்குற தெளிவான படலத்தோட வளைவு பவர், 38.25. இத பாத்ததும் எனக்கு திக்குன்னு ஆச்சு. சாதாரணமா கார்னியாவோட கே 43, 44 வாக்குல இருக்கும், கண்ணு நீளம் 23.5 பக்கத்துல இருக்கும். கண்ணு இவ்வளவு நீளமா இருந்தா அந்த ஆளுக்கு சின்ன வயசுல பெரிய மைனஸ் நம்பர் இருந்திருக்கணும். அதோட கார்னியாவும் இவ்வளவு தட்டையா இருந்தா ஒரே அர்த்தந்தான், அத யாரோ தட்டையாக்கியிருக்காங்க.

"டீச்சர், கண்ணாடிய எடுக்குறதுக்கு எப்பயாச்சும் லேசர் வெச்சுக்கிட்டீங்களா?"

"ஆமா டாக்டர், கல்யாணத்துக்கு முன்னாடி, 2002ல. பொண்ணு பாக்க வர்றவங்க சோடாபுட்டி கண்ணாடின்னு சொல்லிடுவாங்கன்னு அப்பா கூட்டிட்டுப் போய் ரெண்டு கண்ணுக்கும் பண்ணி விட்டாரு."

"போன ஆபரேஷன் அப்ப இத சொன்னீங்களா?"

"யாரும் கேக்கல டாக்டர். சுகர் இருக்கா, பிபி இருக்கா, மாத்திர சாப்பிடுறீங்களான்னுதான் கேட்டாங்க. லேசிக் கண்ணுக்கு மேல பண்ணது, இது உள்ள பண்றது, ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு நானும் நெனச்சுட்டேன்."

இந்த பதில நான் எத்தனையோ பேர்கிட்ட கேட்டுட்டேன். அவங்க மேல துளி கூட தப்பு கெடையாது, கேக்க வேண்டியது நாங்க. ஸ்லிட் லேம்ப்ங்குற கண் மைக்ராஸ்கோப்புல நேரா வெளிச்சம் அடிச்சா லேசிக் ஃபிளாப் (லேசருக்காக கார்னியாவுல மூடி மாதிரி வெட்டித் தூக்குன ஏடு) தெரியாது, ஓரத்துல இருந்து சாய்ச்சு அடிச்சு தேடினா நகக்கீறல் மாதிரி மெல்லிசா ஒரு வட்டக் கோடு தெரியும். இவங்களுக்கு ரெண்டு கண்ணுலயும் இருந்துச்சு.

சரி, லேசிக் பண்ண கண்ணுல லென்ஸ் கணக்கு ஏன் பெசகுது? இத கொஞ்சம் விவரமா சொல்லணும், டாக்டருங்களே பல பேர் பாதிதான் புரிஞ்சு வெச்சிருக்காங்க.

கே ரீடிங் எடுக்குற கெரட்டோமீட்டர் கார்னியாவோட முன்பக்க வளைவ மட்டுந்தான் அளக்குது. பின்பக்கத்துக்கு 1.3375ன்னு ஒரு இண்டெக்ஸ் போட்டு குத்துமதிப்பா கழிச்சுக்குது. முன்பக்கம் இவ்வளவுன்னா பின்பக்கம் இவ்வளவுதான் இருக்கும்னு ஒரு நம்பிக்கை, இயற்கையான கண்ணுல அது பெரும்பாலும் சரியாவே வரும். டெய்லர் மார்பளவு மட்டும் எடுத்துட்டு முதுகு எப்படி இருக்கும்னு அனுபவத்துல வெட்டுற மாதிரின்னு வெச்சுக்குங்க. லேசிக்ல லேசர் முன்பக்கத்த மட்டும் செதுக்கிடுது, பின்பக்கம் பழையபடியேதான் இருக்கு, அப்ப அந்த விகிதம் ஒடஞ்சு போச்சு. இவங்களுக்கு பென்டாகேம்ங்குற, கார்னியாவோட ரெண்டு பக்கத்தையும் படம் புடிக்குற மெஷின்ல பாத்தப்ப பின்பக்க வளைவு ஆரத்துக்கும் முன்பக்க ஆரத்துக்கும் உள்ள விகிதம் 0.82 பக்கத்துல இருக்க வேண்டியது 0.72 காட்டுச்சு. இது போக கெரட்டோமீட்டர் நட்டநடுவுல அளக்குறதில்ல, சுத்தி ஒரு வட்டத்துலதான் அளக்குது, லேசிக் கண்ணுல நடுப்பகுதிதான் அதிகமா தட்டை, அதையும் அது விட்டுடுது. ரெண்டும் சேந்து கார்னியாவோட பவர் நெஜத்த விட அதிகமா காட்டுது, அதனால உள்ள வெக்குற லென்ஸுக்கு கம்மி பவர் போதும்னு கணக்கு வருது.

இதோட நின்னா பரவால்ல. லென்ஸ் உள்ள எந்த ஆழத்துல உக்காரும்னு, லென்ஸ் பவர் கணக்கு போடுற ஃபார்முலா ஒரு கணிப்பு போடும். எஸ்ஆர்கே/டி, ஹாஃபர் க்யூ, ஹாலடே ஒன் எல்லாமே அந்த ஆழத்த கே ரீடிங்க வெச்சுதான் யூகிக்குது. கார்னியா தட்டைன்னா கண்ணோட முன் அறையும் (கார்னியாவுக்கு பின்னாடி இருக்க இடம்) ஆழம் கம்மின்னு அது எடுத்துக்கும், லென்ஸ் முன்னாடியே உக்காரும்னு நெனச்சு கம்மி பவர் போதும்னு சொல்லிடும். ஆனா இவங்க கண்ணோட முன் அறை நல்ல ஆழம், லேசிக் அத தொடவே இல்ல. ஸ்பெயின்ல கண் டாக்டர் அராம்பெர்ரி 2003ல டபுள்-கே முறைன்னு ஒன்னு கொண்டு வந்தாரே அது இந்த கோளாறுக்குத்தான், ஆழத்துக்கு லேசிக்குக்கு முந்தின கே, பவருக்கு பிந்தின கே, ரெண்டையும் தனித்தனியா போடணும்னு. ஆக ரெண்டு தப்பும் எதிரெதிரா போய் சமனாகாம ஒரே பக்கமா சேருது, லென்ஸ் பவர் கொறஞ்சு பேஷண்ட் ப்ளஸ்ல போய் நிக்குறாங்க. ப்ளஸ்ல நிக்குறதுதான் ரொம்ப கொடும, மைனஸ்ல நின்னா பக்கமாவது தெரியும், ப்ளஸ்ல நின்னா தூரமும் இல்ல பக்கமும் இல்ல.

வலது கண்ண திரும்ப அளந்தேன். நீளம் பழைய ரிப்போர்ட்டோட அப்படியே ஒத்துப் போச்சு. அப்ப தப்பு கார்னியாவுலதான்னு உறுதியாச்சு. எஸ்ஆர்கே/டில சாதாரணமா கணக்கு போட்டு 18.0 வெச்சிருக்காங்க. லேசிக்னு தெரிஞ்சு போட்டிருந்தா 21 பக்கம் வெச்சிருக்கணும்.

இப்ப இடது கண்ணு. முதல் நாள் எடுத்த கே ரீடிங்க நான் நம்பல. ஒவ்வொரு தடவையும் வேற வேற நம்பர் வந்துச்சு, கார்னியா மேல வட்டங்கள விழவெச்சு அளக்குற டோபோகிராபில அந்த வட்டங்கள் நெளிஞ்சு தெரிஞ்சுச்சு, கண்ணு வறண்டு கெடந்துச்சு. லேசிக் ஃபிளாப் வெட்டுறப்ப கார்னியா நரம்பும் சேந்துதான் வெட்டுப்படும், அதனால இவங்கள்ல பல பேருக்கு ட்ரை ஐ இருக்கும். கண்ணீர் படலம் ஒழுங்கா இல்லாத கண்ண எவ்வளவு வெல ஒசந்த மெஷின்ல அளந்தும் புண்ணியமில்ல. சொட்டு மருந்து குடுத்து, வெந்நி ஒத்தடம் சொல்லி ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொன்னேன். ரெண்டாவது தடவ ரீடிங் நெலையா நின்னுச்சு: நீளம் 26.80, கே 38.0, கார்னியா தடிமன் 438 மைக்ரான்.

வரச் சொன்னப்பவே இன்னொன்னும் கேட்டேன், லேசிக் பண்ண பழைய பேப்பர் ஏதாச்சும் இருக்கான்னு. இல்ல. பண்ண எடமே இப்ப இல்லயாம். அப்ப பழைய கண்ணாடி? கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "அம்மா வீட்டு பீரோவுல இருக்கும் டாக்டர், அவங்க எதையும் தூக்கிப் போட மாட்டாங்க"ன்னாங்க. ரெண்டு வாரம் கழிச்சு வர்றப்ப கைக்குட்டையில சுத்தி எடுத்துட்டு வந்தாங்க, பிரவுன் கலர் ஷெல் ஃப்ரேம், ஒரு காது ஒடஞ்சிருக்கு, கண்ணாடி ரெண்டும் முழுசா இருக்கு. கண்ணாடி நம்பர் அளக்குற லென்ஸோமீட்டர்ல வெச்சோம். வலது மைனஸ் 7.00, இடது மைனஸ் 7.50. 22 வருஷத்துக்கு முந்தின கண்ணு அந்த ரெண்டு நம்பர்ல உக்காந்திருந்துச்சு. எங்க டெக்னீஷியன் பொண்ணு அத ரெண்டு தடவ வெச்சு பாத்துட்டு சந்தோஷத்துல என்னயவே கூப்ட்டு காட்டுச்சு.

கண்ணாடி நம்பர அப்படியே எடுத்துக்கக் கூடாது, கண்ணாடி கண்ணுல இருந்து 12 மில்லிமீட்டர் தள்ளி இருக்கு, கார்னியா மட்டத்துக்கு மாத்துனா மைனஸ் 7.50 மைனஸ் 6.88 ஆயிடும். லேசிக்குக்கு அப்புறம் 45 வயசு வரைக்கும் கண்ணாடியே போடல, தூரம் நல்லா தெரிஞ்சுச்சுன்னு அவங்க உறுதியா சொன்னதால, லேசர் எடுத்த அளவு ஏறக்குறைய அந்த முழு 6.88ன்னு வெச்சுக்கலாம். இந்த அளவு லேசர் எடுத்திருந்தா மெஷின் காட்டுற 38ல இருந்து ஒன்னு, ஒன்னரை டயாப்டர் (பவரோட அலகு) கழிச்சாதான் நெஜத்துக்கு பக்கமா வரும். இங்க பல பேர் சறுக்குற ஒரு எடம் இருக்கு. லென்ஸ் பவர் கணக்கு போடுற கால்குலேட்டர்ல லேசிக்குக்கு பிந்தின ரிஃப்ராக்‌ஷன்னு, அதாவது கண்ணாடி நம்பருக்கு, ஒரு கட்டம் இருக்கும், அதுல இன்னைக்கு இருக்க மைனஸ் 3.50ய போட்டுடுவாங்க. அது கேட்டராக்ட் முத்துனதால வந்த மைனஸ், கார்னியாவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. புரை வர்றதுக்கு முன்னாடி நெலையா இருந்த நம்பர்தான் அங்க போகணும், அது தெரியலன்னா கட்டத்த காலியா விட்டுடணும்.

அமெரிக்க கேட்டராக்ட் சங்கம் ஏஎஸ்சிஆர்எஸ் நெட்ல இலவசமா வெச்சிருக்க கால்குலேட்டர்ல லேசிக் கண்ணுக்கான பல ஃபார்முலாவும் ஒரே பக்கத்துல வந்துடும். இடது கண்ணுக்கு ஜீரோ நம்பர் வரணும்னா பாரெட் ட்ரூ-கே 20.5, ஷம்மாஸ் 21.0, ஹைகிஸ்-எல் 21.5ன்னு வந்துச்சு. அதே கண்ணுக்கு சாதாரண எஸ்ஆர்கே/டி சொன்னது 17.5. மூனுல இருந்து நாலு டயாப்டர் வித்தியாசம் பாத்துக்குங்க.

புது ஃபார்முலாக்களுக்குள்ளயே ஒரு டயாப்டர் இடைவெளி இருக்கே, எத நம்புறது? சராசரி எடுக்கலாம், பல பேர் அதத்தான் செய்வாங்க. ஆனா இவங்ககிட்ட அத விட நல்ல சாட்சி ஒன்னு கையிலயே இருந்துச்சு, அவங்களோட வலது கண்ணு. ஒரே நாள்ல, ஒரே லேசர்ல, ஏறக்குறைய ஒரே நம்பருக்கு பண்ண ஜோடிக் கண்ணு. அதுல என்ன பவர் வெச்சாங்க, என்ன நம்பர்ல போய் நின்னுச்சு, ரெண்டுமே தெரியும். அதனால வலது கண்ணோட அளவுகள ஒவ்வொரு ஃபார்முலாலயும் போட்டு, 18.0 லென்ஸ் வெச்சிருந்தா எந்த நம்பர்ல நிக்கும்னு நீ சொல்லியிருப்பன்னு பின்னாலேர்ந்து கேட்டேன். பாரெட் ப்ளஸ் 2.1, ஷம்மாஸ் ப்ளஸ் 2.35, ஹைகிஸ்-எல் ப்ளஸ் 2.6. நடந்தது ப்ளஸ் 2.25. அப்ப பாரெட்டுக்கும் ஷம்மாஸுக்கும் நடுவுலதான் இந்த அம்மாவோட கார்னியா இருக்கு, இடது கண்ணுக்கு ஜீரோ பவர் 20.75 பக்கம். ரெண்டு வருஷமா அவங்கள பாடா படுத்துன அந்த தப்பு, ரெண்டாவது கண்ணுக்கு இப்படி வழி காட்டுச்சு. முதல் கண்ணுல பெசகிப் போன பேஷண்ட்ட பயந்துக்கிட்டு வேற இடம் அனுப்புற பழக்கம் நம்மகிட்ட இருக்கு, தயவு செஞ்சு அனுப்பாதீங்க, அந்த பெசகுன நம்பர் மாதிரி ஒரு தகவல் வேற எந்த மெஷின்லயும் கெடைக்காது.

ஜீரோவுக்கு குறி வெக்கல, மைனஸ் அரைக்கு வெச்சேன். கணக்கு கொஞ்சம் இப்படி அப்படி போனாலும் ப்ளஸ்ல போய் விழக்கூடாதுங்குறதுதான் காரணம். லென்ஸ் பவர் ஒரு டயாப்டர் கூட்டுனா கண்ணாடி நம்பர்ல முக்கால் டயாப்டர் வாக்குல மாறும், அதனால 21.5 எடுத்தேன்.

பவர் ஒரு பக்கம், எந்த மாதிரி லென்ஸ்ங்குறது இன்னொரு பக்கம். அவங்க கூட வந்த பையன் ட்ரைஃபோகல் (தூரம், நடு தூரம், பக்கம் மூனுக்கும் சேத்து செஞ்ச மல்டிஃபோகல் லென்ஸ்) பத்தி படிச்சுட்டு வந்திருந்தான், "அம்மாவுக்கு கண்ணாடியே தேவைப்படாத லென்ஸ் வெச்சுடுங்க டாக்டர், காசு பிரச்சன இல்ல"ன்னான். அவன் ஆச நியாயமானதுதான், ஆனா நான் வேணாம்னுட்டேன். மல்டிஃபோகல் லென்ஸ் வர்ற வெளிச்சத்த தூரத்துக்கும் பக்கத்துக்கும்னு பங்கு போட்டுத்தான் வேல செய்யுது, கான்ட்ராஸ்ட் கொறையும். லேசிக் பண்ண கார்னியா ஏற்கனவே வெளிச்சத்த செதறடிக்குது, இவங்களுக்கு லேசர் பட்ட வட்டம் நடுவுல இருந்து லேசா தள்ளியும் இருந்துச்சு, அளந்து பாத்ததுல கோமாவும் (வெளிச்சம் வால் மாதிரி நீளுற ஒரு பார்வைக் கோளாறு) இருந்துச்சு. இதுக்கு மேல வளையம் வளையமா இருக்க லென்ஸ் வேற வெச்சா ரெண்டு மங்கலும் ஒன்னு சேந்துடும். அதோட அந்த லென்ஸ் ஜீரோவுல உக்காந்தாதான் ஒழுங்கா வேல செய்யும், நாமளோ அரை டயாப்டர் தவறலாம்னு ஒத்துக்கிட்டு குறி வெக்குறோம். லேசிக் பண்ண எல்லாருக்குமே அது கூடாதுன்னு நான் சொல்லல, கார்னியா சீரா இருந்து பழைய நம்பரும் சின்னதா இருந்தா யோசிக்கலாம், இவங்க கண்ணு அப்படி இல்ல.

ஒரே தூரத்துக்கு மட்டும் தெளிவு குடுக்குற மோனோஃபோகல்லயே எதுன்னு ஒரு தேர்வு இருக்கு. மைனஸ் நம்பருக்கு லேசிக் பண்ணா கார்னியாவோட ஸ்பெரிக்கல் அபெரேஷன், அதாவது ஓரத்துல வர்ற வெளிச்சமும் நடுவுல வர்றதும் ஒரே புள்ளியில சேராத கோளாறு, ப்ளஸ் பக்கம் ஏறும். சராசரி கண்ணுல ப்ளஸ் 0.27 மைக்ரான், இவங்களுக்கு 0.5 தாண்டியிருந்துச்சு. அத கொஞ்சமாவது ஈடு கட்டணும்னு மைனஸ் 0.27 உள்ள ஏஸ்ஃபெரிக் லென்ஸ எடுத்தேன். ப்ளஸ் நம்பருக்கு லேசிக் பண்ணவங்களுக்கு இது தலைகீழ், அவங்க கார்னியா மைனஸ் பக்கம் போயிருக்கும், இதே லென்ஸ வெச்சா நெலம இன்னும் மோசமாகும். லேசிக்னு தெரிஞ்சா பத்தாது, எந்தப் பக்கத்து லேசிக்னும் தெரியணும்.

அந்தக் காலத்துல கத்தியால கார்னியாவுல ஆரக்கால் மாதிரி கீறி விட்ட ரேடியல் கெரட்டோட்டமி கண்ணு முழுசா வேற கணக்கு, 70கள்ல மாஸ்கோல கண் டாக்டர் ஃபியோதரோவ் பரப்புன முறை அது. அதுல முன்பக்கம் பின்பக்கம் ரெண்டுமே தட்டையாகியிருக்கும், காலையில ஒரு நம்பர் சாயங்காலம் ஒரு நம்பர்னு மாறும், வருஷம் ஆக ஆக ப்ளஸ் பக்கம் நகந்துக்கிட்டே போகும். இப்படி கீறுன கண்ணுகள தொடர்ந்து பாத்த அமெரிக்காவோட பெர்க் ஆய்வுல பத்து வருஷத்துல 43 சதவீதக் கண்ணு ஒரு டயாப்டரோ அதுக்கு மேலயோ ப்ளஸ் பக்கம் போயிருந்துச்சு. ஹைகிஸ்-எல்ல எல்லாம் அவங்களுக்கு போடக்கூடாது, அது லேசர் பண்ண கண்ணுக்குன்னு வந்த ஃபார்முலா.

ஆபரேஷன் பத்தி பெருசா சொல்ல ஒன்னுமில்ல. ரெட்டினாவ ஓரம் வரைக்கும் பாத்துட்டோம், நீளக் கண்ணுல அத விடவே கூடாது. ஃபிளாப் ஓரத்த தொடாம வெளியில தள்ளி கீறல் போட்டு ஃபேக்கோ (புரைய ஒடச்சு உறிஞ்சி எடுக்குற முறை) பண்ணி லென்ஸ வெச்சோம். ஆறு வாரம் கழிச்சு கண்ணாடி இல்லாம 6/9, நம்பர் மைனஸ் 0.50, அத போட்டா 6/6.

மூனு மாசம் கழிச்சு வலது கண்ணுக்கு வந்தோம். இடது நல்லா தெரிய ஆரம்பிச்சதும் வலது கண்ணோட மங்கல் அவங்களுக்கு இன்னும் அதிகமா உறுத்துச்சு. பழைய லென்ஸ எடுத்துட்டு புதுசு வெக்கலாம், ஆனா யாக் பண்ணி பை தொறந்து கெடக்கு, எடுக்குறப்ப விட்ரியஸ் (கண்ணுக்குள்ள இருக்க ஜெல்லி) முன்னாடி வரும், இந்த நீளக் கண்ணுல ரெட்டினா விலகுற பயம் வேற. பழைய ஃபிளாப்ப 22 வருஷம் கழிச்சு தூக்கி லேசர் வெச்சா அடியில எபிதீலியம் (கார்னியாவோட மேல்தோல்) வளந்துடலாம், கார்னியாவும் ஏற்கனவே மெல்லிசு. அதனால உள்ள இருக்க லென்ஸ தொடாம அதுக்கு முன்னாடி சல்கஸ்ல, அதாவது ஐரிஸுக்கு (கண்ணுல நிறமா தெரியுற வளையம்) பின்னாடி இருக்க பள்ளத்துல, ஒரு ரெண்டாவது லென்ஸ், பிக்கிபேக், வெக்கலாம்னு பேசி முடிவு பண்ணோம். இதுல ஒரு பெரிய நிம்மதி என்னன்னா பவர் கணக்குக்கு கண்ணு நீளத்தயும் தேட வேணாம், ஏமாத்துற கே ரீடிங்கயும் நம்ப வேணாம், பேஷண்ட் இன்னைக்கு எந்த கண்ணாடி நம்பர்ல நிக்குறாங்கன்னு மட்டும் தெரிஞ்சா போதும், ப்ளஸ் நம்பர ஒன்னரையால பெருக்கணும். அவங்க 2.25க்கு 3.4 வருது, ப்ளஸ் 3.5 வெச்சேன். அந்த எடத்துக்குன்னு செஞ்ச, ஓரம் உருண்டையா இருக்க லென்ஸ்தான் வெக்கணும், பைக்குள்ள வெக்குற சதுர ஓர ஒத்தத்துண்டு லென்ஸ அங்க வெச்சா ஐரிஸ தேய்ச்சு தேய்ச்சு ப்ரெஷரும் ரத்தக் கசிவும் கொண்டு வந்துடும்.

வலது கண்ணு ஜீரோவுல நின்னுச்சு, இடது மைனஸ் அரை. போர்டு தெரியுது, நோட்டு திருத்த மட்டும் படிக்கிற கண்ணாடி. ராத்திரி ஸ்கூட்டில போறப்ப எதிர்ல வர்ற லைட்டு இன்னும் செதறுது, அத என்னால சரி பண்ண முடியல. 2002ல லேசர் பட்ட வட்டம் சின்னது, இருட்டுல கண் பாப்பா அத தாண்டி விரியுது, லென்ஸ் என்ன வெச்சாலும் அந்த ஓரம் அங்கதான் இருக்கும். ஆபரேஷனுக்கு முன்னாடியே இத சொல்லியிருந்தேன், இப்ப ராத்திரியில பையன் ஓட்டுறான்.

எங்க பயோமெட்ரி ரூம்ல இப்ப மெஷின்ல நெத்திய வெக்குறதுக்கு முன்னாடியே "கண்ணாடி எடுக்குறதுக்கு லேசர் வெச்சிருக்கீங்களா, கண்ணுல கத்தி வெச்சிருக்கீங்களா"ன்னு டெக்னீஷியன் கேக்குது. ரிஃப்ராக்டிவ் சர்ஜரின்னு ஃபார்ம்ல எழுதி வெச்சா யாருக்கும் புரியாது, எல்லாரும் இல்லன்னு டிக் பண்ணிடுவாங்க. கே 40க்கு கீழ வந்தா கேட்டதுக்கு இல்லன்னு சொல்லியிருந்தாலும் என்னய கூப்பிடும்.

போன மாசம் டீச்சரோட தங்கச்சி வந்தாங்க, 45 வயசு, அவங்களுக்கும் அதே மாதிரி கல்யாணத்துக்கு முன்னாடி பண்ண லேசிக்தான். புரை இன்னும் வரல, கண்ணு நல்லா தெரியுது. "அக்கா சொன்னா, இப்பவே அளந்து எழுதி வாங்கிக்கோன்னு." நீளம், கே, பென்டாகேம், இன்னைக்கு நெலையா இருக்க நம்பர் எல்லாம் ஒரே பேப்பர்ல போட்டு குடுத்தேன், அவங்க பழைய கண்ணாடியோட நம்பரும் அதுல இருக்கு, அதுவும் அம்மா வீட்டு பீரோவுலதான் கெடச்சுச்சாம். பேப்பர லேமினேட் பண்ணி அதே பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறதா அக்கா ஃபோட்டோ அனுப்பியிருந்தாங்க.